செம்பருத்திப் பூவை எடுத்துவிட்டு எந்தப் படத்தை வைப்பது?

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறேன், வயது 43. தனியார் பள்ளியில் 16 வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, இப்போது ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறேன். வாட்ஸ்அப் டிபியில் எப்போதும் எங்கள் வீட்டுச் செம்பருத்திப் பூதான். போன மாதம் ஓசூரிலிருந்து விசாரித்த ஒரு அம்மா, "உங்க முகத்தையே பார்க்காம பிள்ளையை எப்படிங்க சேர்க்கறது?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து நானாகவே அறுபது எழுபது செல்ஃபி எடுத்துப் பார்த்துவிட்டேன், எல்லாவற்றிலும் மூக்கு பெரிதாக இருக்கிறது, என் முகம் கோணலா விழுது. கண்ணாடி போடுகிறவள் நான். கைவசம் நாலு படம் இருக்கிறது, செல்ஃபி சிலவற்றோடு அனுப்பியிருக்கிறேன்: ஏற்காடு ஏரிக்கரையில் எடுத்தது, கல்யாண வீட்டுப் படத்திலிருந்து வெட்டியது, ஒரு ஸ்டுடியோவில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ், அப்புறம் தம்பி மகன் ஏதோ ஏஐ ஆப்பில் போட்டுத் தந்தது. படம் போட்டாலே யாராவது எடுத்து மார்ஃபிங் செய்துவிடுவார்கள் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எதை வைக்கட்டும்?

பதில்:

வணக்கம் டீச்சர். நீங்கள் அனுப்பிய நாலு படங்களையும் பார்த்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன், நாலும் வேண்டாம். புதிதாக ஒன்று எடுங்கள். அதற்கு என் ஸ்டுடியோவுக்கோ வேறு ஸ்டுடியோவுக்கோ வரத் தேவையில்லை, உங்கள் வீட்டு வாசலும் மகள் கையில் ஒரு போனும் போதும்.

அந்த ஓசூர் அம்மா கேட்டது அழகான படத்தை இல்லை. படத்தில் பார்த்தவரும் முதல் நாள் வீடியோவில் வந்து உட்காருகிறவரும் ஒரே ஆள்தானா என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். உங்கள் நாலு படத்தையும் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன். ஏற்காட்டுப் படம் நல்ல படம், ஏரியும் படகுகளும் பின்னால் மரங்களும் நன்றாக வந்திருக்கின்றன, ஆனால் உங்கள் முகம் அதில் கடுகு அளவு. வாட்ஸ்அப் பட்டியலில் ஒரு டிபி சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், அந்த வட்டத்துக்குள் ஒரு ஏரியையே வைத்தால் மனிதருக்கு இடம் எங்கே? அந்தப் படம் முகநூலிலோ லிங்க்ட்இன்னிலோ மேலே நீளமாக ஒரு அட்டைப் படம் கேட்கும் பாருங்கள், அதற்குப் பொருத்தம். கல்யாணப் படத்தில் பக்கத்தில் நிற்பவரின் தோள் பாதி தெரிகிறது, வீடியோ லைட் நெற்றியில் அடித்துப் பளபளக்கிறது, தலை நிறைய மல்லிகையும் கனமான நகையுமாக இருக்கிற அந்த ஆள் வருடத்தில் இரண்டு நாள்தான் இருப்பார். ஏஐ படத்தில் இருப்பது நீங்களே இல்லை. கண்ணைப் பெரிதாக்கி, தாடையை ஒடுக்கி, பல் வரிசையைக்கூட மாற்றியிருக்கிறது. பாஸ்போர்ட் படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அது என் தொழிலின் மேல் எனக்கே உள்ள வருத்தம், பிறகு வருகிறேன்.

முதலில் மூக்கு. உங்கள் மூக்கில் ஒன்றும் இல்லை டீச்சர், தூரத்தில்தான் பிரச்சினை. உங்களுக்குக் கணக்காகவே சொல்லலாம். மூக்கு நுனியிலிருந்து காது வரை பின்னோக்கி சுமார் 5 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையை மடக்கி, போனை மூக்கிலிருந்து 12 அங்குலத்தில் பிடித்தால் காது 17 அங்குலத்தில் இருக்கும். பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழும், அதனால் காதோடு ஒப்பிட்டால் மூக்கு 17-க்கு 12 என்ற விகிதத்தில், அதாவது 40 சதவீதத்துக்கும் மேலே பெரிதாகிவிடும். அதே போனை ஒருவர் 6 அடி தள்ளி நின்று பிடித்தால் 77-க்கு 72, வித்தியாசம் 7 சதவீதம்தான். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு உங்கள் முகம் ஏறக்குறைய இப்படித்தான் தெரிகிறது. மூக்கைச் சிறிதாக்க அறுவை சிகிச்சை கேட்டு வருகிறவர்கள் செல்ஃபியைக் காட்டிக் காட்டிக் கேட்பதைப் பார்த்த அமெரிக்க மருத்துவர்கள் சிலர் 2018-இல் இதைக் கணக்கிட்டு எழுதினார்கள். 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு, 5 அடியில் எடுத்த படத்தைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறதாம். கத்தி வரைக்கும் போகிற விஷயம் இது, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஆகவே செல்ஃபியை விட்டுவிடுங்கள். மகள் 5, 6 அடி தள்ளி நிற்கட்டும், போனில் 2எக்ஸ் என்று இருக்குமே அதைத் தட்டி முகத்தைப் பெரிதாக்கிக்கொள்ளட்டும், போன் உங்கள் கண் உயரத்தில் இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் குழந்தை மாதிரியும் கீழிருந்து எடுத்தால் அதட்டுவது மாதிரியும் தெரியும், பாடம் சொல்லித் தருகிறவருக்கு இரண்டும் வேண்டாம். பின்பக்க கேமராவில்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன் அந்தக் கண்ணாடியை ஒரு பழைய காட்டன் துணியால் துடைத்துவிடுங்கள், அதில் எந்நேரமும் விரல் எண்ணெய் படிந்திருக்கும். "படம் மங்கலா வருது, போன் சரியில்லை" என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தத் துடைப்பிலேயே சரியாகிவிடுகிறது.

வெளிச்சம்தான் அடுத்தது, உண்மையில் எல்லாவற்றையும்விட முக்கியம். நம் ஊர் வெயிலில் பத்து மணிக்கு மேல் வெட்டவெளியில் நின்றால் புருவத்தின் நிழல் கண்ணில் விழுந்து கண் இரண்டும் குழியாகிவிடும், தூக்கமே இல்லாத ஆள் மாதிரி இருக்கும். வீட்டுக்குள் தலைக்கு மேல் டியூப் லைட் போட்டு எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே கதிதான். நீங்கள் செய்ய வேண்டியது, நேர் வெயில் விழாத ஒரு வாசலையோ பெரிய ஜன்னலையோ பார்த்துக்கொண்டு, நிலைப்படிக்கு உள்ளே ஒன்றரை இரண்டு அடி தள்ளி நிற்பது. மகள் வெளியே முற்றத்தில் நின்று எடுக்கட்டும். வெளியிலிருந்து வரும் வெளிச்சம் வாசல் அகலத்துக்கு மெத்தென்று உங்கள் முகத்தில் விழும், உங்களுக்குப் பின்னால் வீட்டுக்குள் இருட்டாக இருப்பதால் பின்னணி தானாகவே அடங்கிவிடும். கிழக்குப் பார்த்த வீடு என்றால் மாலை நாலரைக்கு, மேற்குப் பார்த்த வீடு என்றால் காலை எட்டு மணிக்கு. வடக்குப் பார்த்த வீடு என்றால் பெரும்பாலும் எந்த நேரமும் சரி, கோடையில் மட்டும் சூரியன் வடக்கே சாய்ந்து வருவதால் காலையும் மாலையும் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும், கவனித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குள் பாருங்கள், அந்த வாசல் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாகக் கருவிழியில் தெரிந்தால் நிற்கும் இடம் சரி. அந்தப் புள்ளி இல்லாத கண்ணில் உயிரே இருக்காது.

ஏற்காட்டைப் பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் நல்ல டிபி என்றால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் எடுப்பது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. மேலே மூட்டம் போட்ட நாளில் கிடைக்கிற வெளிச்சம் உண்மையிலேயே அருமையானது, வானம் முழுவதும் ஒரு வெள்ளைத் துணி கட்டின மாதிரி, முகத்தில் ஒரு நிழல்கூட விழாது. ஆனால் எல்லோரும் லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையில் பள்ளத்தாக்கைப் பின்னால் வைத்து நிற்கிறார்கள். பின்னால் வெள்ளை வெளேர் என்று இருந்தால் போன் அந்த வெள்ளைக்குத் தகுந்தபடி வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் கறுத்துவிடும். அப்படியே திரும்பி, பள்ளத்தாக்கு முகத்துக்கு எதிரே வர, பின்னால் மரமோ பாறையோ இருக்கும்படி நின்றால் அதே இடத்தில் நல்ல படம் கிடைக்கும். எப்படியும் போகிறீர்கள் என்றால் எடுங்கள், இதற்காகவே போக வேண்டாம்.

பின்னணியில் ஒரு விஷயம். உங்கள் வாசல் சுவர் கிளிப்பச்சை என்று செல்ஃபிகளில் பார்த்தேன். பச்சைச் சுவரை ஒட்டி நிற்காதீர்கள், அந்தப் பச்சை கன்னத்திலும் கழுத்திலும் ஏறி உடம்பு சரியில்லாதவர் போலக் காட்டும். சேலை, சுடிதார் எதுவானாலும் சரி, வகுப்பில் வழக்கமாக என்ன உடுத்துவீர்களோ அதுவே. ரொம்பப் பொடிக்கட்டம் மட்டும் வேண்டாம், படத்தைச் சின்னதாக்கும்போது அலை அலையாக ஓடும். கண்ணாடி போடுகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள், போட்டுக்கொண்டே எடுங்கள், கழற்றினால் வேறு ஆளாகிவிடுவீர்கள். கண்ணாடியில் வாசல் பளிச்சென்று அடித்தால் காதுப் பக்கம் இருக்கும் கம்பியை ஒரு நூல் மேலே தூக்குங்கள், கண்ணாடி லேசாகக் கீழே சாய்ந்து அந்தப் பளபளப்பு போய்விடும், படத்தில் தூக்கியது தெரியவே தெரியாது. போர்ட்ரெயிட் மோடு வேண்டாம் என்பேன். அது பின்னணியை மங்கலாக்குகிற வேகத்தில் கண்ணாடிக் கம்பியையும் காதோர முடியையும் சேர்த்து அழித்துவிடும்.

சிரிக்கச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது. நீங்கள் மகளுக்கு ஒரு கணக்கு சொல்லிக் கொடுங்கள், நிஜமாகவே. அவள் படம் எடுத்துக்கொண்டே விடை சொல்லட்டும். சரியான விடை வந்ததும் ஒரு டீச்சர் முகத்தில் ஒரு நிமிடம் ஒன்று வந்து போகும் பாருங்கள், ஓசூர் அம்மா பார்க்க வேண்டியது அந்த முகம்தான். முப்பது நாற்பது படம் தொடர்ந்து எடுக்கட்டும், முதல் பத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம், அதில் எல்லோரும் விறைப்பாகத்தான் இருப்போம்.

இப்போது அந்தப் பாஸ்போர்ட் படம். அதில் உங்கள் நிறத்தை இரண்டு மூன்று படி வெளுத்திருக்கிறார்கள், மூக்கோரக் கோடும் கன்னத்து மச்சமும் காணோம். எங்கள் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில் நெகட்டிவின் மேல் கூர் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து டச்சிங் செய்வார்கள், நெகட்டிவில் கறுத்த இடம் பிரிண்டில் வெளுத்துவிடும். மணிக்கணக்கான வேலை, அதனால் எந்த இடத்தில் கை வைக்கலாம் என்று யோசித்துத்தான் வைப்பார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு ஒரே தட்டில் முகம் முழுவதும் வெளுக்கிறது, கேட்காமலே செய்து கொடுப்பது வழக்கமாகிவிட்டது. நானும் செய்திருக்கிறேன். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்க வந்த பெண்ணின் படத்தை அப்படித்தான் வெளுத்துக் கொடுத்தேன், நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். தேர்வுக் கூடத்தில் ஹால் டிக்கெட்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, மற்றவர்கள் எல்லாம் எழுத ஆரம்பித்த பிறகும் அவளை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்து என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், "அண்ணா, என் கலர்ல என்ன தப்பு?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து என் ஸ்டுடியோவில் யார் நிறத்தையும் தொடுவதில்லை. அம்மா அப்பாவே வந்து கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள், போகட்டும்.

அதனால் உங்கள் போனில் பியூட்டி என்று ஒன்று இருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள், சில போன்களில் அது வாங்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும். மாநிறத்தையும் கறுப்பையும் அழகாக எடுக்க வெளிச்சம் போதும், வெளுப்பு தேவையில்லை. பின்னால் இருட்டாக இருந்தால் போன் முகத்தை அளவுக்கு மீறி வெளுக்கப் பார்க்கும். முகத்தைத் திரையில் ஒரு முறை தொட்டு, வருகிற சூரியக் குறியை லேசாகக் கீழே இழுங்கள், கன்னத்தின் வளைவு திரும்பி வரும். எடுத்த பிறகு எதை அழிக்கலாம் என்றால், ஒரு வாரத்தில் தானாகப் போய்விடுகிற பருவையோ கொசுக்கடியையோ அழித்துக்கொள்ளலாம். மச்சம், தழும்பு, நரை, கண்ணோரச் சுருக்கம் இதெல்லாம் உங்களோடு வகுப்புக்கு வருகிறவை, அவற்றில் கை வைக்காதீர்கள்.

சரி, நாற்பது படத்தில் எதை எடுப்பது? இதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் இதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் உங்களைப் பார்ப்பது கண்ணாடியில், அது இடம் வலம் மாறிய முகம், மற்றவர்கள் பார்ப்பது மாறாத முகம். அமெரிக்காவில் 1977-இல் ஒரு சோதனை செய்தார்கள், ஒரே படத்தை நேராகவும் கண்ணாடியில் தெரிவது போல மாற்றியும் காட்டினால், படத்தில் இருப்பவருக்கு மாற்றிய படமும் அவருடைய தோழிக்கு நேரான படமும்தான் பெரும்பாலும் பிடித்தன. பழகிய முகம் பிடிக்கிறது, அவ்வளவுதான். "என் முகம் கோணலா விழுது" என்று நீங்கள் எழுதியிருப்பதும் பெரும்பாலும் இதுதான். ஆஸ்திரேலியாவில் 2017-இல் வந்த இன்னொரு ஆய்வில், ஒருவர் தனக்காகத் தானே தேர்ந்தெடுத்த படத்தைவிட, முன்பின் தெரியாதவர்கள் அவருக்காகத் தேர்ந்தெடுத்த படம்தான் பார்க்கிறவர்களிடம் நல்ல எண்ணத்தை உண்டாக்கியது. ஸ்டுடியோவிலும் தினமும் பார்க்கிறேன், எனக்குப் பிடித்த படத்தை வாடிக்கையாளர் ஒதுக்குவார், கூட வந்தவர் அதைத்தான் கை காட்டுவார்.

மூன்று படத்தை மட்டும் பிரித்தெடுத்து, மூன்றையும் மூன்று பேருக்கு அனுப்புங்கள். வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் வேண்டாம், அவர்கள் பார்ப்பது படத்தை இல்லை, உங்களை. பழைய பள்ளியில் கூட வேலை பார்த்த ஒரு டீச்சர், இப்போது படிக்கிற ஒரு பிள்ளையின் அம்மா, அதிகம் பழக்கமில்லாத ஒரு பக்கத்துத் தெருக்காரர். எது அழகு என்று கேட்காதீர்கள். "இந்த மூணுல யாருகிட்ட பிள்ளையைக் கணக்குப் படிக்க அனுப்புவீங்க?" என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே படத்தைச் சொன்னால் அதுதான்.

வெட்டும்போது, தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, கீழே தோள் தெரிகிற வரைக்கும், சதுரமாக. வட்டத்துக்குள் போகும்போது சதுரத்தின் மூலைகளில் 21 சதவீதம் காணாமல் போய்விடும், அந்தக் கணக்கு உங்களுக்கே தெரியும், ஆகவே முகம் நடுவில் இருக்கட்டும். அப்புறம், மகள் போனிலிருந்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் நசுங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். 800-க்கு 800 பிக்சலில் ஒன்று வைத்துக்கொண்டால் ஜிமெயில், வாட்ஸ்அப், லிங்க்ட்இன் எல்லாவற்றுக்கும் போதும், டியூஷனுக்கென்று வைத்திருக்கிற எல்லா இடத்திலும் இதே படத்தைப் போடுங்கள்.

வீட்டில் பயப்படுவதைப் பற்றி. அந்தப் பயம் நியாயமானது, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று நான் சொல்ல மாட்டேன். முகம் தெரிகிற எந்தப் படத்தையும் எடுத்துத் தப்பாகப் பயன்படுத்த முடியும், டிபியை ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாமல் வாட்ஸ்அப் தடுத்தாலும் இன்னொரு போனால் அதைப் படம் பிடிக்கலாம். செய்யக்கூடியது, வெளியே போகிற அளவைக் குறைப்பது. டியூஷனுக்கென்று தனி நம்பர் வைத்துக்கொள்ளுங்கள், அதில் மட்டும் இந்தப் படம், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. சொந்த நம்பரில் செம்பருத்தியே இருக்கட்டும், அல்லது தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரியும்படி வையுங்கள். டியூஷன் நம்பரில் அப்படி வைத்துவிடாதீர்கள், புதிதாக விசாரிக்கிற பெற்றோரின் நம்பரை நீங்கள் சேமித்திருக்க மாட்டீர்கள், அவர்களுக்குச் சாம்பல் வட்டம்தான் தெரியும், மறுபடியும் அதே கேள்வி வரும். குடும்ப விசேஷங்களில் எடுத்த படம் எதையும் டியூஷனுக்குப் பயன்படுத்த வேண்டாம், இந்தப் படத்தையும் சொந்தக் கணக்குகளில் போட வேண்டாம். படத்தை வைத்துத் தேடுகிற வசதி இருப்பதால் இரண்டையும் ஒரே படம் இணைத்துவிடும். பின்னணியில் வீட்டு எண், வண்டி நம்பர், மகளின் பள்ளிச் சீருடை எதுவும் விழ வேண்டாம். டாக்குமென்ட்டாக அனுப்பும் படத்தில் எடுத்த இடம்கூடப் பதிந்து போகும், கேமரா செட்டிங்கில் லொக்கேஷனை அணைத்துவிட்டு எடுங்கள். இதையும் மீறி யாராவது ஏதாவது செய்தால், படத்தை அழித்துவிட்டு அழுதுகொண்டு உட்கார வேண்டாம், வந்த நம்பரையும் வந்ததையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்டதற்கு அங்கே தனிப் பகுதியே இருக்கிறது. வீட்டுக்காரரிடமும் இதைச் சொல்லி வையுங்கள், பாதிப் பயம் அடுத்து என்ன செய்வது என்று தெரியாததால் வருவது.

கண்ணாடி மாற்றினாலோ, முடியைக் குறைத்தாலோ, நரையை அப்படியே விட்டுவிட முடிவு செய்தாலோ படத்தை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போதும்.

இந்த வாரமே எடுத்துவிடுங்கள் டீச்சர். படத்தைப் போட்ட அன்றைக்கே அந்த ஓசூர் அம்மாவுக்கு ஒரு வரி அனுப்புங்கள்: "நான்தாங்க கணக்கு டீச்சர், போன மாசம் பேசினோமே. சனிக்கிழமை பத்து நிமிஷம் வீடியோவுல வரட்டுமா?"